சுப்பராயலு பார்த்த இடம்

திண்டிவனம் ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். யுத்தம் வருவதற்கு முந்தைய காலம். எத்தனை சீக்கிரம் வந்தாலும் அந்த வரிசையில் கடைசியாக நிற்பது சுப்பராயலுவின் வண்டிதான். முன்னால் நின்றால் பேச்சு பாதியில் இருக்கும்போதே யாராவது வந்து ஏறித் தொலைத்துவிடுவார்கள் என்பது அவன் கவலை. சவாரி இன்று போனால் நாளை வரும். பாதியில் விட்ட பேச்சு வருமா?

அவன் குதிரைக்குப் பேர் துரை. காலையில் ஒரு சலாம் வைத்துத் தட்டிக் கொடுத்தால்தான் அடியெடுத்து வைக்கும் என்பதால் அந்தப் பேர். துரைக்கு வலது கண் கிடையாது. சந்தையில் யாரும் சீண்டாமல் நின்ற குதிரையைச் சுப்பராயலு ஓட்டிக்கொண்டு வந்தபோது ஸ்டேஷனே சிரித்தது. ஆனால் ரோட்டில் மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. எதிரே பஸ் வந்தால் மற்ற குதிரைகள் மிரண்டு வாய்க்காலில் இறங்கும். துரை மட்டும் வலப்பக்கம் என்ன வருகிறது என்றே தெரியாமல், ஊர்வலத்துச் சாமி மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

இதிலிருந்து சுப்பராயலு ஒரு பெரிய தத்துவத்தைக் கண்டுபிடித்துவிட்டான். ஒவ்வொருத்தருக்கும் உலகத்தில் ஒரு இடம் இருக்கிறது, கண்ணோ காலோ காதோ இல்லாவிட்டாலும் இருக்கிறது, அதைத் தேடிப் பிடித்து ஆளைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்துவிட்டால் தீர்ந்தது பிரச்சினை. தேடிப் பிடிக்கத் தன்னைவிட்டால் ஆள் இல்லை என்பதும் அந்தத் தத்துவத்தில் அடக்கம்.

"மனுசனையும் குதிரையையும் ஒண்ணாக் கட்டாதய்யா," என்பாள் அவன் மனைவி பாஞ்சாலி. "குதிர ஒன்னாண்ட வந்து எனக்கு இன்னது வேணும்னு சொல்லாது. மனுசன் சொல்லுவான்."

"சொல்லட்டுமே. யாரு வேணாம்னது?"

"நீ வாய மூடினாத்தான அவன் சொல்லுவான்?"

பாஞ்சாலி பேச ஆரம்பித்தால் சுப்பராயலுவுக்குக் குதிரைக்குப் புல் போடும் ஞாபகம் வந்துவிடும்.

முதலில் அவன் கையில் அகப்பட்டவன் மாரியப்பன். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. மல்லாட்டை மில்லில், வேர்க்கடலை உடைக்கும் இயந்திரம் போடும் சத்தத்தில் எவனும் வேலைக்கு நிற்பதில்லை என்று முதலாளி புலம்பியது சுப்பராயலு காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே மாரியப்பனை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மில் வாசலில் இறக்கிவிட்டான். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தாலும் மாரியப்பனுக்குக் கேட்காது, அவன்பாட்டுக்கு உழைத்துக்கொண்டே இருப்பான். விஷயம் தெரிந்ததும் சுப்பராயலு மில்லுக்குப் போய்ப் பெரிய ரகளை பண்ணினான். அதற்குப் பிறகு மணி அடித்ததும் யாராவது ஒருவர் மாரியப்பன் தோளைத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. இது நன்றாகவே நடந்தது.

அடுத்தவன் முத்துசாமி. கண் பார்வை இல்லை. கண் இல்லாதவனுக்குப் பாட்டு தானாக வரும் என்று ஊரில் எல்லாரும் நம்பினார்கள், சுப்பராயலுவும் நம்பினான். சனிக்கிழமை பஜனைக்குக் கூட்டிக்கொண்டுபோய் நடுவில் உட்கார வைத்தான். முத்துசாமி வாயைத் திறந்தான். மிருதங்கக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு யாருக்கு என்ன ஆயிற்று என்று சுற்றிப் பார்த்தார். பெருமாள் ஒருவர்தான் எழுந்து போகவில்லை, அவருக்கு வேறு வழியும் இல்லை.

"பாட்டு ஒனக்கு ஆவாது, வுட்டுடு," என்று வழியிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டு, கோர்ட்டில் பங்கா இழுக்கும் வேலைக்குச் சொல்லி வைத்தான் சுப்பராயலு. மேலே தொங்கும் பெரிய துணி விசிறியைக் கயிற்றால் இழுத்து அசைக்கிற வேலை. கயிறு இழுக்கக் கண் எதற்கு? முத்துசாமி இழுத்தான். கேட்ட வழக்கையெல்லாம் சாயங்காலம் டீக்கடையில் சொல்லி இரண்டு தடவை வேலை போகப் பார்த்ததைத் தவிர, அதுவும் நன்றாகவே நடந்தது.

இப்படிச் சுப்பராயலுவுக்குத் தலைக்கனம் ஏறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் விருத்தாசலம் வந்து சேர்ந்தான்.

விருத்தாசலத்துக்குச் செஞ்சி ரோட்டில் வல்லத்துப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் மல்லாட்டையும் கேப்பையும் போடுவான். மல்லாட்டை மூட்டையோடு திண்டிவனம் வந்தவன், ஒரு நாள் மண்டி வாசலில் சுப்பராயலுவோடு பேச்சுக் கொடுத்தான். இரண்டு வார்த்தைக்குள் மச்சான் முறை ஆகிவிட்டது. அப்புறம் தன் மகளைப் பற்றிச் சொன்னான். பேர் செண்பகம். ஒரே பெண். சின்ன வயதில் காய்ச்சல் கண்டு ஒரு கால் சூம்பிப் போய்விட்டது. கையை ஊன்றித் தேய்த்துக்கொண்டுதான் நகர்வாள். அவள் வயசுப் பெண்களெல்லாம் கையில் பிள்ளையோடு வந்து போகிறார்கள். இவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

"கவலைய வுடு மச்சான்," என்றான் சுப்பராயலு. "ஒன் பொண்ணுக்கு நான் எடம் பாக்கறேன்."

விருத்தாசலம் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மண்டி வாசல் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டான். "இத்தினி வருசத்துல என் பொண்ணுக்கு எடம் பாக்கறேன்னு சொன்ன மொத மனுசன் நீதான் மச்சான்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் பெண் இருக்கிற வீட்டில் வந்து 'இடம் பார்க்கிறேன்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும். சுப்பராயலுவுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அவனுக்குப் பெண் பிள்ளை கிடையாது. இடம் இடம் என்று பல வருஷமாகத் தன் தத்துவத்திலேயே ஊறிப்போனதில், ஊரார் அர்த்தம் அவன் தலையைவிட்டு இறங்கி எங்கோ போய்விட்டது. வேலைக்காக ஒருவன் இப்படி அழுகிறானே என்று அவன் நெஞ்சு இளகியது. அவ்வளவுதான்.

விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் வீரம்மாள் என்று ஒரு அம்மாள் தையல் கடை வைத்திருந்தாள். புருஷன் ரங்கூனில். அவன் அனுப்பிய மெஷின்களில் ஒன்று காலால் மிதிப்பது, இன்னொன்று கீழே வைத்துக் கையால் சுற்றுவது. டவுன் பெண்களெல்லாம் புதுசு புதுசாக ரவிக்கை தைத்துப் போட ஆரம்பித்திருந்த காலம். வீரம்மாளுக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. கை மெஷின் சும்மா கிடந்தது. சுப்பராயலு விழுப்புரத்துக்கே ரயிலேறிப் போய்ப் பேசி முடித்துவிட்டான். வீரம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பெண்ணை முதலில் நேரில் பார்க்க வேண்டும், கை எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

அடுத்த சந்தை நாளில் விருத்தாசலத்தைப் பிடித்தான் சுப்பராயலு.

"மச்சான், அமைஞ்சிடுச்சி! விழுப்புரம் டவுனு. சொந்த வூடு. ரங்கூன் சம்பாத்தியம்."

"கால் விசயம் சொன்னியா மச்சான்?" என்றான் விருத்தாசலம்.

"மொதல்ல அதத்தான் சொன்னேன். காலு எங்களுக்கு முக்கியமில்ல, கை இருந்தா போதும்னுட்டாங்க."

"கை இருந்தா போதும்னா சொன்னாங்க?"

"சத்தியமா. அவங்க வூட்டோடவே இருந்துக்கலாம். பொண்ண நேர்ல பாக்க வெள்ளிக்கெழம வர்றாங்க. ஜல்தி ரெடி பண்ணு."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் பெரிய பேஜாரு.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வீரம்மாள் திண்டிவனத்தில் இறங்கினாள். கூடவே அவள் கடையில் துணி வெட்டுகிற வேங்கடேசன், கை மெஷினைத் தூக்கிக்கொண்டு. பெண்ணின் கையைச் சோதிக்க மெஷின் வேண்டாமா? வயசுப் பெண் இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று வீரம்மாள் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி வெற்றிலை, வாழைப்பழம், மல்லிகைப்பூ எல்லாம் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டாள். மரியாதை தெரிந்த பொம்பிளை என்று சுப்பராயலு மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

கிராமத்து எல்லையிலேயே அவனுக்கு என்னவோ போல் இருந்தது. விருத்தாசலம் வீட்டு வாசலில் பந்தல் போடாத குறை. பங்காளிகள், மாமன் மச்சான்கள், நாலு வீடு தள்ளி இருக்கிறவர்கள், எல்லாரும் சலவை வேட்டியோடு நின்றார்கள். செண்பகத்தின் அம்மா அம்மணி ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள்.

"ஒரு வேலைக்கு இவ்வளவு மரியாதையா?" என்று வீரம்மாள் காதோடு கேட்டாள்.

"கிராமத்து ஜனங்கம்மா. வெள்ளந்தி," என்றான் சுப்பராயலு.

உள்ளே கூடத்தில் செண்பகம் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் அவள் நகர்வதைப் பார்த்துவிடக் கூடாது என்று விடிந்ததிலிருந்தே அங்கே உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவின் கூறைப்புடவை, தலை நிறையப் பூ, கால் தெரியாமல் கொசுவத்தை விரித்துவிட்டிருந்தார்கள். குனிந்த தலை நிமிரவில்லை.

வீரம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள். "நல்ல நீளமான வெரலு. ரொம்ப நேரம் ஒக்காந்து பழக்கமாம்மா?"

"ஒக்காந்த எடத்துலயே எல்லா வேலையும் பண்ணும்," என்று அம்மணி முந்திக்கொண்டாள். "கொழம்பு வச்சா ஊரே மணக்கும்."

கொழம்பு எதற்கு என்று வீரம்மாள் யோசிப்பதற்குள், வாசலில் மெஷினை இறக்கிக்கொண்டிருந்த வேங்கடேசனை ஒரு பங்காளி நெருங்கிவிட்டார். "மாப்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே சீர் கொண்டாற வழக்கமா? எங்க பக்கத்துல இல்ல. ஆனா நல்லாத்தான் இருக்குது."

"யாருக்குங்க சீரு?"

"வெக்கப்படாதீங்க மாப்ள. வயசு இன்னா ஆவுது?"

"எனக்கா?" என்றான் வேங்கடேசன். "எனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு புள்ளங்க இருக்குதுங்க."

அடுத்த நிமிஷம் வீடே இரண்டாகிவிட்டது. 'ரெண்டாந்தாரமா?' என்று ஒருவர் கத்த, 'தாரமே இல்லீங்க, தையலு!' என்று வேங்கடேசன் பதறினான். மெஷின், ரவிக்கை, வேலை என்று வீரம்மாள் பொறுமையாக எடுத்துச் சொல்லச் சொல்ல, விருத்தாசலம் முகம் இருண்டுகொண்டே வந்தது.

சுப்பராயலுவுக்கு அப்போதுதான் மண்டி வாசலில் அந்த மனுஷன் அழுத அழுகைக்கு அர்த்தம் புரிந்தது. துரையின் வயிற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் தேவலை போல் இருந்தது. எல்லாரையும்விட அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் அவனுக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தான். அவள் நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. தான் செய்தது எத்தனை பெரிய பாதகம் என்று அந்த நிமிஷம் அவனுக்கு வலித்தது.

"பொண்ண வேலைக்கு அனுப்பிக் கஞ்சி குடிக்கிற நெலமைக்கு நான் வரலடா," என்றான் விருத்தாசலம். மச்சான் எல்லாம் போய்விட்டது. "எடம்னு சொல்லி என் கழுத்தறுத்துட்டியே. நாளைக்கு ஊர்ல இன்னா சொல்லுவாங்க? பாத்துட்டு வேணாம்னு போய்ட்டாங்கன்னு தான சொல்லுவாங்க?"

வீரம்மாள் தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வேங்கடேசா, மெஷின ஏத்து."

"எறக்குங்க," என்றது ஒரு குரல்.

செண்பகம்தான். பூவோடும் புடவையோடும், இரண்டு கையையும் தரையில் ஊன்றி, விடியற்காலையிலிருந்து எதை யாரும் பார்க்கக் கூடாது என்று மறைத்தார்களோ அதை ஊரே பார்க்கும்படி, கூடத்தைக் கடந்து வாசல்வரை நகர்ந்து வந்தாள். கூறைப்புடவை மண்ணில் புரண்டது. அம்மணி ஓடி வந்து தூக்கப் பார்த்தாள். "வுடும்மா," என்றாள். மெஷினுக்கு முன்னால் வந்து நின்று, நின்று என்றால் உட்கார்ந்து, கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது கையாலதான் ஓடுமா?"

"கையாலதான்," என்றாள் வீரம்மாள்.

"காலு வேணாமா?"

"வேணாம்."

சுற்றினாள். வேங்கடேசன் ஒரு துண்டுத் துணியை ஊசிக்கு அடியில் வைத்துப் பிடித்தான். தையல் வராக ஆறு போகிற மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. துணி முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பிறகு அப்பன் பக்கம் திரும்பினாள். "ஊருக்கெல்லாம் எடம் வந்திருக்குதுன்னு சொல்லிட்ட இல்லப்பா? எடம்தான வந்திருக்குது. அமைஞ்சிடுச்சின்னு சொல்லு. பொய் இல்லியே."

விருத்தாசலம் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். இரண்டு நாள் அப்படியே இருந்ததாகக் கேள்வி. மூன்றாம் நாள் கேணிக்கரையில் யாரோ கேட்டபோது, "விழுப்புரத்துல எடம் அமைஞ்சிடுச்சி," என்றானாம். கேட்டவருக்கு என்ன புரிந்ததோ, அவர் பாடு.

அவளைக் கூட்டிப் போகச் சுப்பராயலு வந்தபோது அம்மணி புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரியே மஞ்சள், குங்குமம், பூ, கேப்பை அடை எல்லாம் வைத்து அனுப்பினாள். வண்டிக்குப் பின்னால் வைக்கோலைப் பரப்பி அவளைத் தூக்கி வைக்கப் போனான் சுப்பராயலு. அவள் அசையவில்லை.

"மாமா, அன்னிக்கு ஒரு வார்த்த எங்கிட்ட வந்து கேட்டிருந்தீங்கன்னா இந்த அசிங்கம் வந்திருக்குமா?"

சுப்பராயலு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதில் பேச வார்த்தை கிடைக்காமல் நின்றான். பாஞ்சாலி இந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

"தப்புதாம்மா," என்றான் கடைசியில். "இப்ப கேக்கறேன். ஒனக்கு இன்னா வேணும்?"

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் போல் இருந்தது. "முன்னால ஒக்காரணும்."

"எங்க?"

"வண்டியில. ஒங்க பக்கத்துல. எப்பப் போனாலும் என்னப் பின்னால மூட்டையோட மூட்டையாப் போட்டுத்தான் ஏத்திக்கினு போவாங்க. வுட்டுட்டு வந்த ரோடுதான் எனக்குத் தெரியும். போற ரோட்ட நான் பாத்ததே இல்ல."

பெண் பிள்ளை வண்டிக்காரன் பக்கத்தில் உட்காருவதா என்று பங்காளி வாயைத் திறந்தார். விருத்தாசலம் அவரைத் தள்ளிவிட்டு வந்து, தானே மகளைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தான். சுப்பராயலு ஒதுங்கி இடம் கொடுத்தான். திண்டிவனம் வருகிறவரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வருகிற புளியமரம், பாலம், மாட்டு வண்டி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள். அவனும் பேசவில்லை. அது துரைக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

விழுப்புரத்தில் செண்பகம் ஒழுங்காக ரவிக்கை தைக்கக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் பிடித்தது. வீரம்மாளோடு தினமும் சண்டை, தினமும் ராசி. வல்லத்துப் பெண்கள் மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போட்டுக்கொள்ள என்று துணியோடு ரயிலேறி வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் விருத்தாசலம் வந்து கடை மூலையில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, புறப்படும்போது மடியிலிருந்து ஒரு கிழிந்த சட்டையை எடுத்து மகள் முன்னால் வைத்தான். அவன் சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. எங்கே கிடைத்ததோ. அவள் வாங்கித் தைத்துக் கொடுத்தாள். அதோடு அப்பனும் மகளும் பழையபடி ஆனார்கள். யாராவது வந்து 'இடம் எதுவும் வரலியாம்மா?' என்று கேட்டால், மெஷினைத் தட்டிக் காட்டி, "இருக்குதே," என்பாள்.

சுப்பராயலுவும் திருந்தினான். எதிலும் அளவு தெரியாதவன் ஆதலால் இதிலும் அளவில்லாமல் திருந்தினான். கண்டவர்களையெல்லாம் நிறுத்தி உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தான். கோர்ட்டு வாசலில் முத்துசாமியிடம் கேட்டதுதான் வினையாகப் போயிற்று.

"பாடணும்ணே," என்றான் முத்துசாமி.

சுப்பராயலுவுக்கு மிருதங்கக்காரர் முகம் ஞாபகம் வந்தது. கேட்டுத் தொலைத்துவிட்டான், இனி விட முடியாது. பல நாள் யோசித்து, கோர்ட்டு விடுமுறை நாட்களில் மல்லாட்டை மில்லுக்கு அழைத்துப் போனான். இயந்திரம் போடும் சத்தத்தில் முத்துசாமி தொண்டை கிழியப் பாடலாம், யாருக்கும் சேதம் இல்லை. அங்கே அவன் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. காது கேளாத மாரியப்பன் வந்து முத்துசாமியின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். குரல் அதிர அதிர அவன் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு வாரமும் வந்து நின்றான். முத்துசாமியின் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ரசித்த ஆள் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் படுத்துவிட, ஜட்காவுக்கு மவுசு ஏறியது. அந்த நேரம் பார்த்துத் துரை ஒரு நாள் கொட்டிலில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. சுப்பராயலு வீட்டு மனுஷன் போன மாதிரி அழுதான். புதுக் குதிரை வாங்கினான். இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிற குதிரை. செஞ்சி ரோட்டில் எதிரே பட்டாளத்து லாரி வருவதை அது இரண்டு கண்ணாலும் நன்றாகப் பார்த்தது. மிரண்டு எகிறியதில் வண்டி குடை சாய்ந்து, சுப்பராயலுவின் கால் சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டது.

வண்டியில் ஏற முடியாது. அவன் வீட்டோடு கிடந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் 'பாவம் சுப்பராயலு' என்றார்கள். அவன் சாப்பாடு குறைந்தது, பேச்சு அதைவிடக் குறைந்தது. வாயை மூடு என்று காலமெல்லாம் சொன்ன பாஞ்சாலி, இப்போது அவன் வாயைத் திறக்க வைக்க எதையெதையோ பேசிப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

விஷயம் தெரிந்து முத்துசாமி வந்தான். "அண்ணே, ஒங்களுக்கு எடம் பாத்துட்டேன். கோர்ட்டுல இன்னொரு பங்கா இருக்குது." அவன் போன கையோடு மாரியப்பன் வந்து, மில்லில் சாக்குத் தைக்க உட்காரலாம் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொல்லி, சந்தோஷமாகத் தோளைத் தட்டிவிட்டுப் போனான். இருவரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனிடம் கற்ற வித்தை அப்படி.

"நல்லா வேணும் ஒனக்கு," என்றாள் பாஞ்சாலி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துச் செண்பகம் விழுப்புரத்திலிருந்து வந்தாள். ரயில், அப்புறம் வேறொருவர் ஜட்கா. வாசலில் இறங்கி, கை ஊன்றி உள்ளே வந்து, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலைப் பார்த்தாள். பாவம் என்று சொல்லவில்லை.

"மாமா, ஒங்களுக்கு இன்னா வேணும்?"

சுப்பராயலு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. பாஞ்சாலிக்குக் கேட்கக் கூடாது என்பது போல் மெதுவாகச் சொன்னான்.

"முன்னால ஒக்காரணும்."

செண்பகம் பாஞ்சாலியைப் பார்த்தாள். அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். உடைந்து கிடந்த ஜட்காவைச் செப்பம் பண்ணி, முன்பக்கம் தாழ்வாக ஒரு படி அடித்து, மடங்காத கால் நீட்டிக்கொள்ளப் பலகை ஒன்று வைத்தார்கள். குதிரையைப் பூட்டி அவிழ்க்கிற வேலையைப் பாஞ்சாலி எடுத்துக்கொண்டாள். குதிரையின் வலது கண்ணுக்குச் செண்பகம் தன் கையாலேயே தடித்த துணியில் ஒரு மூடி தைத்துக் கட்டிவிட்டாள். துரைக்கு வாரிசு தயார்.

வண்டி புறப்படுகிற அன்று காலை சுப்பராயலு படியைப் பிடித்து, காலை இழுத்து ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தான். கடிவாளம் கைக்கு வந்ததும் வாயும் வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க நின்ற ஒவ்வொருவரையும் விசாரித்தான், தச்சருக்கு யோசனை சொன்னான், குதிரைக்கு சலாம் வைத்தான். பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டாள். இனி இதை எத்தனை வருஷம் கேட்க வேண்டுமோ என்று சத்தமாகவே சொன்னாள்.

செண்பகத்தை ஸ்டேஷனில் விடுவதுதான் முதல் சவாரி. பாஞ்சாலியும் இன்னொருத்தியுமாக அவளைத் தூக்கி வந்தார்கள். பின்னால் ஏற்றப் போனவர்களைத் தடுத்து, அவள் முன்னால் கையைக் காட்டினாள்.

"பேசினது போதும் மாமா," என்றாள். "கொஞ்சம் எடம் குடுங்க."

சுப்பராயலு நகர்ந்து உட்கார்ந்தான்.